நாலு நாற்பதுக்கு எங்கே நின்றீர்கள்?

ஆகஸ்ட் 21, புதன்

இன்று நடந்ததை இன்றே எழுதி வைத்துவிடுவது நல்லது. நாளைக் காலைக்குள் எங்கள் கல்லூரியில் ஆளுக்கொரு கதை கட்டிவிடுவார்கள்.

மாலை 4.40. பெண்கள் அணிக்குப் பயிற்சி. இசக்கியம்மாள் எறிந்த வட்டு தரையில் விழுந்து எகிறி, ஓடுபாதையில் வந்துகொண்டிருந்த ஜெனிபாவின் இடது முழங்காலில் அடித்துவிட்டது. ஒரு கிலோ வட்டு. முழங்கால் சிப்பி உடைந்திருக்கிறது, நாளை அறுவை சிகிச்சை. ஜெனிபா இரண்டாம் ஆண்டு. எண்ணூறு மீட்டரில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாவதாக வந்தவள். இசக்கியம்மாள் மூன்றாம் ஆண்டு, அணித் தலைவி. இருவரும் விடுதியில் ஒரே அறை.

நான் மைதானத்தில்தான் இருந்தேன். விசில் முறைப்படி அடிக்கப்பட்டது. எங்கள் வழக்கம் இதுதான்: ஒரு விசில் என்றால் எறியப் போகிறார்கள், ஓடுகிறவர்கள் நின்றுவிட வேண்டும். இரண்டு விசில் என்றால் எறிந்தாகிவிட்டது, ஓடலாம். ஜெனிபா கவனிக்கவில்லை போலிருக்கிறது. கிழக்குப் பக்கம் கல்யாணப் பந்தல் போட வந்தவர்கள் வேறு மைக் செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் லிங்கதுரை மாவை ஆட்டி வைத்திருந்தார், உப்புப் போட மறந்துவிட்டார். கணவர்மார்கள் ஒரு வேலையை முழுதாகச் செய்து நான் பார்த்ததில்லை. புதுச் சுடிதாரின் ஓரத்தில் சந்தனக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, ஊற வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அறுவை சிகிச்சை முடிந்தது. ஜெனிபாவின் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர். காலில் செருப்பில்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எறியுறதும் ஓடுறதும் ஒரே நேரத்துல எதுக்கு வச்சிய?"

எங்கள் துறை டைரக்டர் சார் அவர் தோளில் கையைப் போட்டு, "விசாரணைக் கமிட்டி போடுதோம் அண்ணாச்சி. தப்பு செஞ்சவங்க யாரா இருந்தாலும் விடமாட்டோம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். என்னை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒரே நேரத்தில் வைத்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். கல்லூரிச் செயலாளர் மகள் கல்யாண வரவேற்பு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில். திங்களன்றே மூங்கிலையும் தகரத்தையும் கிழக்குப் பாதியில் இறக்கிவிட்டார்கள். வட்டு எறிகிற இடம் அந்தப் பாதியில்தான் இருந்தது. அதை மேற்கே ஓடுபாதை பக்கம் நகர்த்தச் சொன்னவர் உடற்கல்வி இயக்குநர் டாக்டர் ஞானசிகாமணி, அதாவது எங்கள் டைரக்டர் சார். "பயிற்சிய ஒரு வாரம் நிறுத்திடலாமா சார்" என்று நான் கேட்டேன். "செயலாளருக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு. விசில வச்சி சமாளிச்சிக்கிடுங்க" என்றார். வாயால் சொன்னார். அவர் எதையும் வாயால்தான் சொல்வார்.

என் விசிலைக் காணவில்லை. துறை அறையில் எல்லா இடமும் தேடிவிட்டேன். மார்க்கர் சுடலைமுத்து மேல்தான் எனக்குச் சந்தேகம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். நான் கோடவுனுக்குள் நுழைந்தபோது எதையோ சுண்ணாம்பு டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே போனார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் இருந்த பயிற்சி அட்டவணையையும் காணோம். நாலு குண்டூசியும் அப்படியே இருக்கின்றன, தாள் மட்டும் இல்லை.

இந்த அட்டவணை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். டைரக்டர் சார் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமைதோறும் அடுத்த வாரப் பயிற்சி நேரத்தைப் பென்சிலில் எழுதித் தருவார். அதன் மேலேயே நான் பேனாவால் எழுத வேண்டும். கீழே 'தயாரித்தவர்' என்று போட்டு என் கையெழுத்து. அதற்கும் கீழே அவருடைய சுருக்கொப்பம், அதுவும் பென்சிலில். "மாத்தம் கீத்தம் வந்தா அழிச்சிக்கிடலாம்லா மேடம்" என்பார். ஏழு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஏழு வருடமும் தற்காலிகப் பணி. ஒவ்வொரு நவம்பரிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்பேன்.

சுடலைமுத்துவிடம் அட்டவணையை எடுத்தீரா என்று கேட்டேன். "நான் என்னத்துக்கு எடுக்கேன்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "சுடிதார்ல கறை போயிட்டா மேடம்?" என்றார். என்ன திமிர்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

செயலாளர் வீட்டு வரவேற்பு. பத்திரிகை வந்தும் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று லிங்கதுரை கேட்கவே இல்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

கமிட்டி போட்டாகிவிட்டது. தலைவர் பொருளியல் துறை டாக்டர் ரெஜினா. சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர்.

எனக்கு ஒரு மெமோ. "பயிற்சி நேரங்கள் ஒன்றோடொன்று மோதும்படி அட்டவணை தயாரித்ததற்கு விளக்கம் தரவும்." அனுப்பியவர் டைரக்டர். கூடவே அட்டவணையின் நகல். காணாமல் போன தாள் எங்கே இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. புதன் 4.30 முதல் 5.30 வரை: வட்டு எறிதல். புதன் 4.30 முதல் 5.30 வரை: ஓட்டம். இரண்டும் என் கையெழுத்தில், குண்டு குண்டாக. கீழே அவருடைய சுருக்கொப்பம் இருந்த இடம் வெறும் வெள்ளை.

நேரே அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஏழு வருடத்தில் அந்த அறையில் நான் குடித்த முதல் டீ.

"மெமோவ நெனச்சி பயப்படாதிய. அது ஒரு சடங்கு. உங்கள நான் விட்டுக்குடுப்பனா?"

"அட்டவணை நீங்க சொன்னதுதான சார்."

"கையெழுத்து உங்களுதுல்லா? சரி, அத விடுங்க. விசில் அடிக்கதுக்கு முன்னாலயே அந்தக் கேப்டன் பிள்ள அவசரப்பட்டு எறிஞ்சிட்டான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆறு மாசம் வெளிய நிறுத்துவாவ, அவ்வளவுதான். உங்க பேரும் வராது, என் பேரும் வராது." கொஞ்சம் நிறுத்தி, "வாற வருசம் ஒரு நிரந்தரப் பணியிடம் வருது. செயலாளர் வீட்டம்மாவுக்கும் உங்க முகம் இப்ப தெரியும்" என்றார்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

பயிற்சி கிடையாது. மைதானத்தில் பந்தல் போட்ட குழிகளை மூடவில்லை, பாதியில் தண்ணீர் நிற்கிறது. குப்பையும் அப்படியே கிடக்கிறது. இதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

மதியம் கோடவுன் பக்கம் இசக்கியம்மாளும் சுடலைமுத்துவும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. இசக்கியம்மாள் குட் ஆஃப்டர்நூன் மேடம் என்றாள், முகத்தைப் பார்க்காமல். இவள் கமிட்டியில் என்ன சொல்லப் போகிறாள்? அவளை மட்டும் தனியாக விசாரித்தார்களாம். என்னைப் பற்றிச் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. இருந்தாலும் மூன்று வருடம் கூடவே வைத்திருந்த பிள்ளை. அவளுக்கு வட்டைச் சுழற்றக் கற்றுத் தந்தவள் நான். இப்போது அவளைப் பார்த்து நான் பயப்பட வேண்டியிருக்கிறது.

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை குறைவு என்று சிலிண்டர்காரரோடு சண்டை போட்டேன். எடை சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஜெனிபாவைப் பார்க்க சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். காலில் தொடைவரை கட்டு. டாக்டர் ஆறு மாதம் கழித்து நடக்கலாம் என்கிறார். ஓடுவதைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"எனக்கு விசிலே கேக்கல மேடம்" என்றாள். "நீங்க அடிச்சிருந்தா கேட்டிருக்கும். நீங்க அடிக்கது வேற மாதிரி, நல்லா நீளமா இருக்கும்."

மருந்து மயக்கத்தில் என்னென்னவோ பேசுகிறது பிள்ளை.

அவள் அப்பா சாத்துக்குடியை வாங்கி ஜன்னலில் வைத்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

டைரக்டர் கேட்ட அந்த ஒரு வரியை எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை. பையில் இருக்கிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

கமிட்டிக்கு முன்னால் நின்றேன். டாக்டர் ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"நாலு நாப்பதுக்கு நீங்க எங்க நின்னிய?"

"மைதானத்துல மேடம்."

"மைதானம் பெருசு."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். போகலாம் என்றார்.

நான் சொன்னது பொய் இல்லை. பந்தலும் மைதானத்தில்தானே இருந்தது.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் எடுத்த எடுப்பில் அப்படி ஒரு கேள்வி எதற்கு வருகிறது? ஒன்று சுடலைமுத்து, இல்லை இசக்கியம்மாள். இரண்டு பேரும் சேர்ந்தும் இருக்கலாம். பஸ்ஸில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பொம்பளையைக்கூட இவள் ஏன் நம்மைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன் நிறுத்தம் வந்துவிட்டதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். காலையில் மாணவர்கள் கேக் வெட்டினார்கள், டைரக்டர் சாருக்குப் பொன்னாடை. அர்ப்பணிப்பு, ஒழுக்கம் என்று அரை மணி நேரம் பேசினார்.

கூட்டம் முடிந்து இசக்கியம்மாள் துறை அறைக்கு வந்தாள். கைக்குட்டையில் சுற்றி எதையோ மேசையில் வைத்தாள். பிரித்தால் என் விசில்.

"இது எங்கிட்ட இருக்கக் கூடாது மேடம்."

கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"உங்க மேசையில இருந்து நானாத்தான் எடுத்தேன்னு கமிட்டில எழுதிக் குடுத்திட்டேன். நீங்க தந்தியன்னு சொல்லல. நீங்க எங்க போனியன்னு கேட்டாவ, எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"உங்களுக்கு வேலை போயிரும்லா. எனக்கு டிசி குடுத்தா வேற எங்கயாவது சேந்துக்கிடுவேன்."

மூன்றாம் ஆண்டில் டிசி வாங்கியவளை எந்தக் கல்லூரியும் சேர்க்காது. அது அவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டு, ஆசிரியர் தின வாழ்த்துகள் மேடம் என்று ஒரு பேனாவையும் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு வாரமாக நான் வேவு பார்த்த பிள்ளை. எனக்கு அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது. பையில் இருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்தேன்.

கிழித்தால் மட்டும் போதாதே. டைரக்டர் சொல்லித்தான் நேரம் போட்டேன் என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது, அழித்த வெள்ளை இடம்தான். கோடவுனுக்குப் போனேன். சுடலைமுத்து டின்னில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புதன்கிழமை அந்த இடத்தில் கோடு போடச் சொன்னது யார் என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எங்கிட்ட ஒரு சீட்டு இருக்கு. ஆனா நீங்க டைரக்டர் ஆளுன்னுல்லா இத்தன நாளா நெனச்சிட்டிருக்கேன். அன்னைக்கு நாலு நாப்பதுக்கு நீங்க எங்க நின்னிய? அத மொதல்ல சொல்லுங்க. பொறவு தாரேன்."

"உமக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும்."

சொன்னேன். நாலரைக்கு மேல் நல்ல நேரம் என்று கிழக்குப் பக்கம் பந்தக்கால் நட்டார்கள். நாலு இருபதுக்கு டைரக்டர் போன் செய்து, செயலாளர் வீட்டம்மா வந்திருக்காவ, வந்து நில்லுங்க, முகம் தெரியட்டும் என்றார். இசக்கியம்மாள் கையில் விசிலைக் கொடுத்து, பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு ஓடினேன். எறிகிறவளே விசிலும் அடிக்கக் கூடாது என்று மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். செயலாளர் வீட்டம்மா பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலறல் கேட்டபோதுகூட மைக் செட்டில் ஏதோ பாட்டு என்றுதான் நினைத்தேன். டைரக்டர் கூப்பிட்டதால் போனேன் என்று யாரிடமும் சொல்லிவிடலாம். ஆனால் அன்று காலையிலேயே, ஓட்டப் பயிற்சி உள்ள நாளில், டிராக் சூட்டை விட்டுவிட்டுப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனவள் நான்.

சுடலைமுத்து தலையை ஆட்டினார். டின்னுக்குப் பின்னால் இருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்தார், கடைகளில் பில் குத்தி வைக்கிற மாதிரிக் கம்பி. அது நிறைய சின்னச் சின்னச் சீட்டுகள். கோடு எங்கே போட வேண்டும் என்று டைரக்டர் வாராவாரம் படம் போட்டுத் தருகிற சீட்டுகள், எல்லாம் பென்சிலில்.

"ஒரு தடவ கோடு தப்பாப் போட்டேன்னு எனக்கு மெமோ குடுத்தாவ. அவிய தந்த சீட்டுப்படிதான் போட்டிருந்தேன். சீட்டக் கேட்டா, அப்படி ஒண்ணு குடுக்கவே இல்லன்னுட்டாவ. அதுல இருந்து ஒரு சீட்டயும் நான் தூரப் போடுறதில்ல."

மேலாக இருந்த சீட்டை உருவித் தந்தார். ஓடுபாதை, அதை வெட்டிக்கொண்டு வட்டு விழுகிற பகுதி, ஓரத்தில் 'புதன் 4.30, இரண்டும்', கீழே சுருக்கொப்பம். அழிக்காத பென்சில்.

செப்டம்பர் 6, வெள்ளி

கமிட்டிக்கு நானாகவே போனேன். டைரக்டரும் அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் கடிதம் வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

முதலில் என் பங்கைச் சொன்னேன். விசிலை நான்தான் கொடுத்தேன், இசக்கியம்மாள் எடுக்கவில்லை. நான் பந்தக்கால் நடுகிற இடத்தில் நின்றேன். செவ்வாய்க்கிழமை உங்களிடம் மழுப்பினேன். இதைச் சொல்லி முடிக்கும்வரை டைரக்டர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பிறகு சீட்டை மேசையில் வைத்தேன்.

"இது சும்மா பென்சில்ல கிறுக்கின படம்" என்றார். "ஆர்டர் இல்ல."

சுடலைமுத்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து கம்பியை அப்படியே மேசை மேல் வைத்தார். டாக்டர் ரெஜினா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

"ஏழு வருசமா பென்சில்லயே துறைய நடத்திட்டிருந்தியளோ?" என்றார் கடைசியில். டைரக்டர் தண்ணீர் கேட்டார்.

மாலையில் நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். விசாரணை முடியும்வரை டைரக்டர் பொறுப்பில் இருக்க மாட்டார். மைதானத்தை விட்டுக்கொடுத்த நிர்வாகத்திடமும் கமிட்டி விளக்கம் கேட்கிறது. இசக்கியம்மாள் மேல் நடவடிக்கை இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரெஜினா மேடம், "நவம்பர்ல உங்க ஒப்பந்தத்தப் புதுப்பிக்க என்னால சிபாரிசு பண்ண முடியாது. புரியுதுல்லா?" என்றார். புரிகிறது மேடம் என்றேன். அவர் சொன்னது நியாயம்தான். வலித்தது, அது வேறு.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெனிபாவிடமும் அவள் அப்பாவிடமும் சொன்னேன். ஜெனிபா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அப்பா, "இத அன்னைக்கே சொல்லிருக்கலாமே தாயி" என்றார்.

லிங்கதுரையிடமும் சொன்னேன். "சந்தனம் பாத்தன்னைக்கே தெரியும்" என்றார். "நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று நான் சொன்னதால் கமிட்டி இதையும் கேட்டிருக்கிறது. நாளை கொடுக்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்த்தேன். யாரும் படிக்காத என் சொந்த நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன். அதை அழிக்கவோ கிழிக்கவோ போவதில்லை. இசக்கியம்மாள் தந்த பேனாவால் கீழே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 21, புதன், திருத்தம்

மாலை 4.40. ஜெனிபாவின் கால் உடைந்தபோது நான் பயிற்சியில் இல்லை. விசில் அடிக்க வேண்டியவள் நான். அடிக்கவில்லை.

— இரா. சந்தனமாரி, பெண்கள் அணிப் பொறுப்பாளர்